காய்ச்சல் விடல, ஊசி மேல ஊசி: உங்க ஆன்டிபயாடிக் அனுபவம் என்ன?

சோளக்காட்டுப் பொண்ணு:
அப்பாவுக்கு. கார்த்திகை மாசம், 103 காய்ச்சல். டெங்கு இல்ல, மலேரியா இல்ல. வைடால்னு ஒரு ரத்தப் பரிசோதனையில ஏதோ லேசா காட்டுதுன்னு டைபாய்டு முடிவு பண்ணி ஒரு நர்சிங் ஹோம்ல செஃப்ட்ரையாக்சோன் ஏத்திக்கிட்டே இருந்தாங்க. காய்ச்சல் அசையல. மூச்சு வாங்கினதும் வேலூருக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

அங்க ஒரு சின்னப் பொண்ணு, பயிற்சி டாக்டரா இருக்கணும். கொண்டுபோன ஃபைலைத் தொடவே இல்ல. "ஐயா, வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்கோங்க"ன்னு சொல்லி அரைஞாண் கயித்தை விரலால ஒதுக்கினாங்க. அடியில கறுப்பா ஒரு பொருக்கு, சுத்தி செவப்பு, பீடி நெருப்பு பட்ட மாதிரி. அப்பாவுக்கே அது தெரியாது. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல. "உண்ணிக் காய்ச்சல்"னாங்க. ஸ்க்ரப் டைபஸ், காடு புதர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி கடிச்சு வர்றது. டாக்சிசைக்ளின், மூச்சு வாங்குறதால கூடவே அசித்ரோமைசின், ரெண்டும் நரம்பு வழியா. ரெண்டாம் நாள் சாயந்திரம் "இட்லி இருக்கா?"ன்னார்.

அதுக்கு முன்னாடி எத்தனை பேர் பார்த்தாங்க! ஒருத்தராவது அந்தக் கயித்தை நகர்த்திப் பார்த்திருக்கலாமே?

லேப் கண்ணாடி:
செஃப்ட்ரையாக்சோன் கேக்காததுல ஆச்சரியமே இல்ல. பெனிசிலின், செஃபலோஸ்போரின் எல்லாம் பாக்டீரியா தன்னோட சுவரைக் கட்டவிடாம கெடுக்கிற மருந்து. உண்ணிக் காய்ச்சல் கிருமி நம்ம செல்லுக்குள்ளயே புகுந்து குடியிருக்கும், அதோட சுவரும் பேருக்குத்தான். டாக்சி, அதாவது டாக்சிசைக்ளின், செல்லுக்குள்ள போய் கிருமியோட ரைபோசோமைப் பிடிச்சு, புரதம் செய்யவிடாம நிறுத்திடும். அசித்ரோவும் ரைபோசோமைத்தான் பிடிக்கும், ஆனா வேற இடத்துல. கடுமையான நோய்க்கு ரெண்டும் சேர்ந்தா நல்லா வேலை செய்யுதுன்னு 2023ல இங்கயே, நம்ம இந்திய ஆஸ்பத்திரிகள்ல பண்ணின ஆய்வு சொல்லுச்சு.

வைடால் பத்திக் கேக்காதீங்க. 1:80ன்னு ரிப்போர்ட் குடுத்தா "சார், பாசிட்டிவ்னு எழுதிக் குடுங்க, ஊசி போட்டுட்டு ஊருக்குப் போகணும்"னு ஒருத்தர் கவுன்ட்டர்ல சண்டை. நம்ம ஊர்ல சும்மா நிக்கிற ஆளுக்கும் அந்த அளவு இருக்கும்.

ரெண்டு வாண்டு அம்மா:
எங்க சின்னவனுக்கும் இதே காய்ச்சல்தான். டாக்டர் டாக்சி எழுதினதும் மாமியார் சீட்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. "பல்லு கறுத்துப் போயிடும், நாளைக்கு எவ கட்டிப்பா?" அஞ்சு வயசுப் பையனுக்கு! டாக்டர் சிரிச்சுட்டு அசித்ரோ சிரப் எழுதினார், சரியாயிடுச்சு. எட்டு வயசுக்குக் கீழ டாக்சி கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

லேப் கண்ணாடி:
அது பழைய டெட்ராசைக்ளின் கதைங்க. அது கால்சியத்தோட ஒட்டி, வளர்ற பல்லுல தங்கிடும். டாக்சி அந்த அளவு ஒட்டாது. 21 நாள் வரைக்கும் எந்த வயசுக் குழந்தைக்கும் தரலாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லிடுச்சு. அந்த டாக்டர் சிரிச்சது அதுக்காகத்தான் இருக்கும்.

ரெண்டு வாண்டு அம்மா:
சிரிச்சவர் அதை என் மாமியார்கிட்ட சொல்லியிருக்கலாம். நீங்களும் வேணா வந்து சொல்லுங்க.

மருந்துக்கடை அண்ணாச்சி:
போன வாரம் ஒரு தம்பி. போன்ல பக்கத்து வீட்டு அக்காவோட சீட்டு, போட்டோ. "செஃபிக்சிம் 200 குடுங்க அண்ணாச்சி, எனக்கும் அதே தொண்டை வலிதான்." அது எச்1, சட்டத்துல கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துப் பட்டியல். 2014 மார்ச்சுலருந்து நோயாளி பேரு, டாக்டர் பேரு, அளவு எல்லாம் தனி நோட்டுல ஏத்தி மூணு வருஷம் வெச்சிருக்கணும். முடியாதுன்னேன். யோசிக்கவே இல்ல, "அப்ப அசித்ரோ குடுங்க"ன்னான். அசித்ரோ வெறும் எச். சீட்டு வேணும், ஆனா அந்த நோட்டு கிடையாது. இந்த ஓட்டை அவனுக்கு எப்படித் தெரியும்? தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ், ரெண்டுமே கேக்காதுன்னு சொன்னேன். எதிர்க்கடைக்குப் போயிட்டான்.

கோவை சுப்பு:
மச்சான் ராத்திரி டாக்சி கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணில முழுங்கிட்டுப் படுத்துட்டார். விடியக்காலை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அலறல். ஈசிஜில ஒண்ணும் இல்ல, மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டிப் புண்ணாக்கியிருக்கு.

படிக்கிறவங்களுக்கு உதவுமேன்னு சொல்றேன். டாக்சியை ஒரு டம்ளர் நிறையத் தண்ணியோட போட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்க. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அசிடிட்டிக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்து எதையும் கூடவே சாப்பிடாதீங்க, மருந்தைக் கட்டிப் போட்டுடும், உடம்புல சேராது. வெயில்ல திரிஞ்சா தோல் சிவக்கும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் பால், இரும்பு ஆகாது. சிப்ரோ சாப்பிடறப்ப குதிகாலுக்குப் பின்னாடி தசைநாண் வலிச்சா உடனே டாக்டரைப் பாருங்க, 60 தாண்டினவங்க, ஸ்டீராய்டு எடுக்கிறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். முதுகு வலிக்குத் தர்ற டிசானிடின் அதோட சேரவே கூடாது, பிரஷர் படுத்துடும். மெட்ரோனிடசோல்னா வாய் இரும்பு மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. மருந்து சாப்பிடற நாளெல்லாம், முடிஞ்சும் ரெண்டு மூணு நாள் வரைக்கும் 'கட்டிங்' மட்டும் வேண்டாம். அப்புறம் எதையும் பாதியில நிறுத்தாதீங்க, எப்பவுமே முழு கோர்ஸ்.

ஆரஞ்சு கண்ணீர்:
சுப்பு சார், யாரும் கேக்கலையே இதெல்லாம்! அதுவும் அந்த "எப்பவுமே". அசித்ரோ மூணு நாள்ல முடியும், ஏன்னா அது திசுக்கள்ல நாள்கணக்கா தங்கும். நான் காசநோய்க்கு ஆறு மாசம் சாப்பிட்டேன், ஏன்னா அந்தக் கிருமி தூங்கிக் கிடந்து மறுபடி எழுந்திருக்கும். நோய்க்கு நோய் கணக்கு வேற. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும்னு சொல்லுங்க, போதும்.

என் கதை: அந்தக் காசநோய் மருந்துல ஒண்ணான ரிஃபாம்பிசின். யூரின் செவப்பாப் போகும்னு சொல்லியிருந்தாங்க. கண்ணீரைப் பத்தி யாரும் சொல்லல. அண்ணன் கல்யாணத்துல தாலி கட்டுறப்ப அழுதுட்டேன், வெள்ளைக் கைக்குட்டையில ஆரஞ்சுக் கறை. பக்கத்துல நின்ன அத்தை "என்னடி, ரத்தமா?"ன்னு கத்தினதுல நாதஸ்வரக்காரரே ஒரு நிமிஷம் நிறுத்திட்டார். கான்டாக்ட் லென்ஸும் போச்சு.

சோளக்காட்டுப் பொண்ணு:
ஒண்ணு கேக்கணும். அப்பா கூடக் காட்டு வேலைக்குப் போன ரெண்டு பேருக்கு இப்போ காய்ச்சல். பொருக்கு எங்கயும் தெரியலையாம். பொருக்கு இல்லாமலும் வருமா?

லேப் கண்ணாடி:
வரும். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ள ஒருதரம் பார்க்கச் சொல்லுங்க. இல்லாட்டியும் காட்டு வேலை செய்யறவங்கன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. ஐஜிஎம் எலைசான்னு ரத்தப் பரிசோதனை எடுப்பாங்க. சந்தேகம் வலுவா இருந்தா ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமலே டாக்சி ஆரம்பிப்பாங்க. இன்னிக்கே போகச் சொல்லுங்க.