52 விழுக்காடும் ஒரு மரமும்

கணக்கன்: மரம் நட்டால் குற்றம் 52 விழுக்காடு குறைந்துவிடும் என்று வேம்பன் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் மிஞ்சியது. அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஐடா பி. வெல்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் 98 கட்டடங்களை ஒப்பிட்டு, குவோவும் சல்லிவனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு அது. பசுமை மிகுந்த கட்டடங்களில், பசுமை குன்றியவற்றைவிடக் குற்றப் பதிவு அந்த அளவுக்குக் குறைவு என்பதே செய்தி. அங்கே யாரும் மரம் நட்டுப் பார்க்கவில்லை.

வேம்பன்: குடியிருந்தோர் தாமே வீட்டைத் தேர்ந்திருந்தால், குற்றம் குறைந்தது மரத்தாலா, அங்கே குடிவந்த ஆட்களாலா என்ற ஐயம் நியாயமானது. வீடுகளை ஒதுக்கியதோ வீட்டுவசதி ஆணையம். தூசி அடங்கவும் பராமரிப்புச் செலவு குறையவும் புல்தரையை மூடித் தளம் போட்டதில் பல மரங்கள் பட்டுப்போக, சில கட்டடங்களின் முன் மட்டும் நிழல் எஞ்சியது. நிழல் இருந்த முற்றத்தில் மக்கள் வந்து அமர்ந்தார்கள். ஆள் புழங்கும் இடத்தில் திருடன் தயங்குவான் என்பதற்கும் சான்றிதழ் வேண்டுமோ?

கணக்கன்: மீண்டும் சொல்கிறேன், நட்டுப் பார்க்கவில்லை.

தெருவிளக்கு: போர்ட்லாந்து ஆய்வை வேம்பன் ஏன் மறைக்கிறார்? பார்வையை மறைக்கும் சிறுமரங்கள் நின்ற வீடுகளில் குற்றம் கூடுதலாக இருந்ததாக 2012-இல் வெளிவந்ததே!

வேம்பன்: பெரிய மரங்கள் நின்ற இடங்களில் குற்றம் குறைவு என்பதும் அதே ஆய்வுதான். பாதியைப் படித்து மீதியை விழுங்குவது தங்களுக்குப் புதிதன்று. சென்ற மாத விவாதத்திலும் இதையே செய்தீர்கள். கணக்கனாருக்கு நட்டுப் பார்த்த சான்றுதானே வேண்டும்? பிலடெல்பியாவில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவில் குப்பையை அகற்றிப் புல்லும் சில மரங்களும் வைத்தார்கள். அவற்றின் அருகே வசித்தோரிடம் மனச்சோர்வு உணர்வு 41.5 விழுக்காடு குறைந்ததாக 2018-இல் முடிவு வந்தது.

கணக்கன்: குப்பையை அள்ளினால் எவருக்கும் மனம் தெளியும். தாங்கள் எழுதிய 52 எங்கே?

வேம்பன்: குப்பையை மட்டும் அகற்றிய மனைகள் அதே ஆய்வில் தனிப்பிரிவு, அங்கே மனநலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. படித்துவிட்டு வாருங்கள். தெருவிளக்காருக்கும் ஒரு சொல்: கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்தால் பார்வை மறையாது.

தெருவிளக்கு: அந்தச் செலவை யார் ஏற்பார்? பராமரிப்புச் செலவுக்கு அஞ்சித்தான் சிகாகோவில் தளம் போட்டார்கள் என்று எழுதியவர் தாங்கள்தானே?