டேஷ்போர்டில் 1.32 கோடி, டாலியில் 1.10 கோடி: எங்கே பிசகு?

கேள்வி:
மின்சாதன மொத்த வியாபாரம். ஒயர், சுவிட்ச், எம்சிபி (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்). எல்லாமே 18% ஜிஎஸ்டி. டாலி (கணக்கு மென்பொருள்) டேட்டாவை எக்செலில் எடுத்து, பவர் பிஐ (அறிக்கை, வரைபடம் போடும் மென்பொருள்) டேஷ்போர்டு போட்டிருக்கிறோம். போன மாத நிகர விற்பனை அதில் 1.32 கோடி, டாலியில் 1.10 கோடி. தினமும் காலை 5 மணிக்கு ரெஃப்ரெஷ். ஆனால் "இன்று அனுப்ப வேண்டியவை" பக்கத்தில் நேற்றைய பட்டியல்தான் வருகிறது. திங்கள்கிழமை கொள்முதல் மீட்டிங்கில் யாரும் டேஷ்போர்டைத் திறப்பதே இல்லை. எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1:
முதலில் தொகை. அது டாலியோடு ஒத்துப்போகாதவரை மற்ற எதைச் செய்தாலும் பயனில்லை.

1.10 கோடிக்கு 18% போட்டால் 19.8 லட்சம். டாலியில் விற்பனை லெட்ஜர் ஜிஎஸ்டி இல்லாமல் நிற்கும். நீங்கள் கூட்டியிருப்பது ஜிஎஸ்டி சேர்த்த தொகை. மீதி 2.2 லட்சத்துக்கு இரண்டு இடங்களைப் பாருங்கள்.

லாரி வாடகை பில்லுக்கு ஒருமுறைதான் வரும். பில் டேபிளையும் அயிட்டம் டேபிளையும் மெர்ஜ் செய்தால் ஒவ்வொரு அயிட்டத்திலும் ஒட்டிக்கொள்ளும்: 3 அயிட்டம் உள்ள பில்லில் 1,200 ரூபாய், 3,600 ஆகிவிடும். அதைத் தனி டேபிளில் வையுங்கள்.

அடுத்து கிரெடிட் நோட், அதாவது ரிட்டர்ன் வந்த சரக்குக்குப் போடும் சீட்டு. எக்செலில் பிளஸ் தொகையாக வந்தால், கழிய வேண்டியது கூடிவிடும். 1 லட்சம் ரிட்டர்ன் 2 லட்சம் வித்தியாசம் காட்டும். வவுச்சர் வகையை வைத்து ஃபில்டர் போட்டாலே தெரிந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி சார். கிரெடிட் நோட் பிளஸ்ஸாகத்தான் வந்திருக்கிறது. அதையும் ஜிஎஸ்டியையும் சரிசெய்ததும் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது. லாப சதவீதம்தான் இடிக்கிறது: டேஷ்போர்டில் 25%, அக்கவுண்டன்ட் சொல்வது 12.7%.

பதில் 2:
கிளைகளின் சதவீதத்துக்குச் சராசரி எடுத்திருப்பீர்கள். ஒரு கிளை 10 லட்சம் விற்று 10% லாபம், இன்னொன்று 1 லட்சம் விற்று 40% என்றால் சராசரி 25%தான் வரும். உண்மையில் 11 லட்சத்துக்கு லாபம் 1.4 லட்சம், அதாவது 12.7%. மொத்த லாபத்தை மொத்த விற்பனையால் வகுக்கும் மெஷராக (பார்க்கும்போது கணக்கிடும் சூத்திரமாக) எழுதுங்கள். சதவீதத்தை டேபிளில் ஒரு நெடுவரிசையாக (column) வைக்கவே கூடாது.

"இன்று" பிரச்சினைக்குக் காரணம் நேர மண்டலம். பவர் பிஐ சர்வீஸ் யுடிசி (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்) நேரத்தில் ஓடுகிறது. நம் காலை 5 மணிக்கு அங்கே முந்தைய நாள் இரவு 11:30. கால்குலேட்டட் நெடுவரிசையில் (ரெஃப்ரெஷின்போது மட்டும் கணக்கிடப்படுவது) இன்றைய தேதி எடுத்திருந்தால், அடுத்த ரெஃப்ரெஷ் வரை நேற்றுதான் நிற்கும். 5:30க்குப் பிறகு ரெஃப்ரெஷ் வையுங்கள், அல்லது யுடிசி நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்.

மீட்டிங்கில் திறக்காததற்குக் காரணம் வேறு. கொள்முதல் ஆள் கேட்பது "எதை, எவ்வளவு ஆர்டர் போடணும்?" என்பதைத்தான். விற்பனை வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை. அவருக்கென்று ஒரே பக்கம் போடுங்கள்: கையிருப்பை, கடைசி 30 நாள் தினசரி சராசரி விற்பனையால் வகுத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று வரும். 240 எம்சிபி இருக்கிறது, தினம் 20 போகிறது என்றால் 12 நாள். சரக்கு வர 15 நாள் ஆகுமென்றால் அந்த அயிட்டம் சிவப்பில் மேலே வர வேண்டும். ஏற்கெனவே ஆர்டர் போட்டு வந்துகொண்டிருக்கும் சரக்கைக் கையிருப்போடு கூட்ட மறக்காதீர்கள்; விட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு ஆர்டர் போய்விடும். அந்த 15 நாளையும் சப்ளையர் வாய்ச்சொல்லில் எடுக்காமல், பர்ச்சேஸ் ஆர்டர் தேதிக்கும் சரக்கு வரவுத் தேதிக்கும் உள்ள இடைவெளியிலிருந்து எடுங்கள்.