உண்ணிக்கடியால் வரும் இறைச்சி ஒவ்வாமை: யூன் 30க்கு முன் ஒரு சொல் வேண்டும்

முறிகண்டியான்:

அனைவருக்கும் வணக்கம். அவுஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். காசு அங்குள்ள பொதுச் சுகாதார விழிப்புணர்வு நிதி. அவர்களுடைய நிதியாண்டு யூன் 30உடன் முடிகிறது. அதற்குள் அச்சாகாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிவிடுமாம். உள்ளே எல்லாம் முடிந்தது, தலைப்புத்தான் நிற்கிறது.

விடயம் இதுதான். சில வகை உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு அல்பா-கல் என்ற சர்க்கரை உடம்புக்குள் போகிறது. மாடு, ஆடு, பன்றி எல்லாவற்றிலும் அதே சர்க்கரை உண்டு, மனிதரில் இல்லை. உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. பிறகு இறைச்சி சாப்பிட்டால் இரண்டு முதல் ஆறு மணித்தியாலம் கழித்துத் தோல் தடிக்கும், வயிறு பிசையும், சிலருக்கு மூச்சே அடைக்கும். கோழியும் மீனும் ஒன்றும் செய்யா. உண்ணிக்கடிக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2007இல் எடுத்துச் சொன்னவர் சிட்னி மருத்துவர் ஷெரில் வான் நியூனன்.

'அல்பா-கல் நோய்' என்று எழுதி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். பட்டியில் நாற்பது மாடு வைத்திருக்கிறவர், உண்ணியோடே சீவித்தவர். "பித்தக்கல் மாதிரியோ தம்பி? வெட்டி எடுக்கவேணுமோ?" என்று கேட்டார்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

ஊனொவ்வாமை. ஒரே சொல்லில் முடிந்தது. 'தன்னூன் பெருக்கற்குத் தான்பிறிது ஊனுண்பான்' என்பதில் ஊன் இருக்கிறது. 'சிறப்பொவ்வா' என்பதில் ஒவ்வாவும் இருக்கிறது. வள்ளுவர் இரண்டையும் தந்திருக்கிறார், சேர்ப்பது மட்டும்தான் நம் வேலை.

நெடுங்கேணியான்:

ரீச்சர், அதைப் பெரிய எழுத்தில் போட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது ஊனம். 2009க்குப் பிறகு இங்கே அந்தச் சொல்லை யாரும் லேசாக எழுதுவதில்லை. போய்ச் சேருகிற இடம் சிட்னி என்றாலும் வாசிக்கப்போகிறவர்கள் நம் சனம்தானே.

சொல் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்துக் கடித்தால் இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி என்று சொல்லாத தாய் உண்டா? 'உண்ணிக் கிரந்தி' என்று போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

கிரந்தி வடசொல், முடிச்சு என்று பொருள். சித்த வைத்திய ஏடுகளில் அது மேகநோய்ப் புண்ணையும் குறிக்கும். கிரந்த எழுத்தை வாசலால் கலைத்துவிட்டுக் கிரந்தியைக் கோடிப்பக்கத்தால் கூப்பிடுகிறீர்களா?

வவுனியாத் தாதி:

வடசொல்லோ தென்சொல்லோ, எனக்குப் பிரச்சினை வேறு. கிரந்தி என்றால் நம்மவர்கள் சொறிந்துகொண்டு பேசாமல் படுத்துவிடுவார்கள். இது இரவுச் சாப்பாடு முடிந்து, தூக்கத்தில், காரணமே தெரியாமல் மூச்சடைக்க வைக்கிற நோய். பின்னேரம் சாப்பிட்ட மாட்டிறைச்சியை நடுச்சாமத்தில் யார் நினைப்பார்கள்? அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வில் 1,500 மருத்துவத் துறையினரிடம் கேட்டார்கள். 42 வீதமானோர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்நாட்டில் நாலரை இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் அவர்களே கணக்கிட்டார்கள். வைத்தியருக்கே தெரியாதபோது நோயாளிதான் அவருக்குச் சொல்லவேண்டும். அவர் வாயில் வரக்கூடிய பெயராக வையுங்கள்.

துணுக்காய்ப் பெரியவர்:

பிள்ளைகளே, என் ஆச்சி 'காணாக்கடி' என்பார். எது கடித்தது என்று தெரியாது, உடம்பு தடித்திருக்கும். உண்ணி கடிப்பதும் பலருக்குத் தெரிவதில்லையே. இனிக் 'கடி' என்ற உரிச்சொல்லைப் பாருங்கள். வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று என்று பத்துப் பொருள் சொன்ன தொல்காப்பியர், ஐயமும் கரிப்பும் என்று இன்னும் இரண்டைச் சேர்க்கிறார். கூர்மை உண்ணியின் வாய். புதுமை நோய். அச்சம் நமக்கு. ஐயம் வைத்தியருக்கு. காப்பு இந்தக் கையேடு. வரைவு என்றால் விலக்கு, அது பத்தியம். ஒரு சொல்லில் நோயும் மருந்தும்! 'விரைவு' மட்டும் இடிக்கிறது, இந்த நோய் ஆறு மணித்தியாலம் கழித்தல்லவா வருகிறது. அதற்கு நாளை எழுதுகிறேன்.

வவுனியாத் தாதி:

ஐயா, காணாக்கடி என்றால் சனம் மந்திரித்துப் பார்வை பார்க்கத்தான் போகும், ஆஸ்பத்திரிக்கு வராது.

முறிகண்டியான்:

இன்று யூன் 26. ஆங்கிலத் தலைப்பை ஒட்டிப் 'பாலூட்டி இறைச்சி ஒவ்வாமை' என்று போட்டுப் பார்த்தேன். பட்டிக்கார அம்மா, "பால் குடுக்கிற தாய்மாருக்கோ?" என்றார். கிளினிக் சுவர் முழுக்கப் 'பாலூட்டும் தாய்மார்' என்று ஒட்டியிருந்தால் வேறு எப்படி நினைப்பார்? 'உண்ணி இறைச்சி ஒவ்வாமை' என்றால் சிரிக்கிறார்: "உண்ணியின்ர இறைச்சியை ஆர் தின்னுறது?"

நெடுங்கேணியான்:

அப்ப 'உண்ணிக்கடி இறைச்சி ஒவ்வாமை'. நீளம்தான், ஆனாலும் விளங்குகிறது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

மூன்று சொல்லை வரிசையில் நிறுத்திவிட்டுக் கலைச்சொல் என்கிறீர்கள். சரி, க் மிகுந்திருக்கிறது, அந்தமட்டில் சந்தோசம். ஊனொவ்வாமையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

வவுனியாத் தாதி:

அடைப்புக்குறி வேண்டாம். அந்த இடத்தில் 'மாடு, ஆடு, பன்றி கூடாது. கோழி, மீன் சாப்பிடலாம்' என்று போடுங்கள். இல்லாவிட்டால் 'இறைச்சி' என்பதைப் பார்த்துக் கோழியையும் விட்டுவிடுவார்கள்.

முறிகண்டியான்:

நான்கு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பதில் போடவில்லை, ரீச்சர் 'கடைசியில் பாருங்கள்' என்றார். உண்ணிக்கடி இறைச்சி ஒவ்வாமை என்றே அனுப்பிவிட்டேன். தாதி சொன்ன வரியும் கீழே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை மூடலாம்.

துணுக்காய்ப் பெரியவர்:

தம்பி, மூடமுன் ஒன்று. 'மாறுபாடு இல்லாத உண்டி' என்று வள்ளுவர் சொன்னதை யாரும் எடுக்கவில்லை. 'மாறூண் நோய்' என்று வைத்திருக்கலாம், போகட்டும். உண்ணியைக் கையால் பிடுங்காமல், இருந்த இடத்திலேயே மருந்து விசிறி 'உறையவைத்துக்' கொல்லவேண்டும் என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீரே. நமக்கு உறைவது பாலல்லவா? அதற்கு என்ன சொல் போடலாம் என்று யோசித்தீரா?