புதுசா தொழில் ஐடியா எப்படி வருது? வேலூர், ஆம்பூர் பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

ஆம்பூர்_தையல்
எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில 9 வருஷம் அப்பர் ஸ்டிச்சிங் லைன்ல (ஷூவோட மேல் பாகத்தைத் தைக்கற வேலை) இருந்தேன், முதல்ல ஹெல்பர், அப்புறம் மெஷின் ஆபரேட்டர், கடைசி 3 வருஷம் லைன் சூப்பர்வைசர். தை மாசம் ஆர்டர் இல்லன்னு சொல்லி எங்க லைனையே நிறுத்திட்டாங்க. பி.எஃப் காசு கொஞ்சம் கையில இருக்கு, ஊட்டுக்காரரும் நீயே சொந்தமா ஏதாவது பண்ணுன்றாரு. வேற கம்பெனில போய் மறுபடியும் ஹெல்பரா நிக்க எனக்கும் மனசு வரல.

பிரச்சனை இன்னான்னா ஐடியாவே வரமாட்டேங்குது. யூடியூப்ல சொன்ன மாதிரி நோட்டு வாங்கி மனசுல தோணுறதெல்லாம் எழுதுனேன், ஒரு வாரத்துல 43 ஆச்சு. பிரியாணி, மக்கன் பேடா பார்சல், ஆரி ஒர்க், சிறுதானிய மாவு, நைட்டி வியாபாரம், இப்படியே போவுது. திரும்பிப் பார்த்தா எல்லாமே எங்க தெருவுலயே யாரோ ஒருத்தர் ஏற்கனவே பண்ணினு இருக்காங்க. புதுசா யோசிக்கறதுன்றது பொறவிலயே வரணுமா, இல்ல அதுக்கு ஏதாவது வழி இருக்கா? தொழில் பண்றவங்க யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

சத்துவாச்சாரி_ரவி
தங்கச்சி, பொறவிலலாம் எதுவும் இல்ல. நான் காலேஜ்ல பசங்களுக்கு ப்ராஜக்ட் கைடா இருக்கேன், வருஷா வருஷம் இதே கேள்வி தான் வரும். நீங்க தனியா உக்காந்து நோட்டுல எழுதுனது தப்பே இல்ல, சொல்லப்போனா அது தான் சரி. பிரெய்ன்ஸ்டார்மிங்னு எல்லாரும் சொல்றாங்களே, அதை பரப்புனது ஆஸ்பர்ன்னு அமெரிக்காவுல ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர், 1953ல புக்கே போட்டாரு, கூட்டமா உக்காந்து சொல்லுங்க, யாரும் குறை சொல்லாதீங்கன்னு. ஆனா 1958லயே யேல் பல்கலைக்கழகத்துல சோதனை பண்ணிப் பார்த்தாங்க, நாலு பேர் ஒண்ணா உக்காந்தா வர்றதை விட அதே மாதிரி நாலு பேர் தனித்தனியா எழுதி சேர்த்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வந்துச்சு. அதனால முதல்ல தனியா எழுதணும், அப்புறம் பேசணும்.

உங்க லிஸ்ட்ல எனக்கு உறுத்துறது வேற. 43ல ஒண்ணு கூட உங்க 9 வருஷ கைவேலையில இருந்து வரலியே? எல்லாம் அடுத்தவங்க பண்றதைப் பார்த்து எழுதுனது. வயக்காட்டுல நடந்தா நாயுருவி வேட்டியில ஒட்டும், நம்ம எல்லாரும் திட்டிக்கினே பிடுங்கிப் போட்டிருக்கோம். சுவிட்சர்லாந்துல டி மெஸ்ட்ரால்னு ஒரு இன்ஜினியர் 1941ல வேட்டைக்குப் போய்ட்டு வந்து, நாய் மேல ஒட்டுன இது மாதிரி ஒரு முள்ளை மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பார்த்தாரு, கொக்கி கொக்கியா இருந்துச்சு, அதுல இருந்து வந்தது தான் நீங்க லைன்ல தைச்சிருப்பீங்களே, அந்த ஒட்டிப் பிரிக்கற பட்டை, வெல்க்ரோ. எரிச்சலா இருக்கற விஷயத்தை தூக்கிப் போடாம ஒரு நிமிஷம் உத்துப் பாக்கணும், எனக்குத் தெரிஞ்ச வழி இது தான்.

தோட்டப்பாளையம்_லாட்ஜ்
ரவி சார் சொன்னதை நான் தினமும் கண்ணால பாக்கறேன். ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு லாட்ஜ்ல 14 வருஷமா வரவேற்புல இருக்கேன். மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ்னு எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்காக ரெண்டு மூணு நாள் ரயில்ல வந்து காட்பாடியில எறங்குறாங்க. இந்தத் தெருவுல ஓடுற தொழில் பாதி அவங்க பட்ட கஷ்டத்துல இருந்து வந்தது தான் அக்கா. நம்ம சாப்பாடு அவங்களுக்கு ஒத்துக்கல, உடனே ரூம்ல அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு விட ஆரம்பிச்சாங்க. கடுகு எண்ணெயும் பொரியும் தேடி அலைஞ்சாங்க, மளிகைக் கடைக்காரர் வாங்கி வெச்சாரு, இன்னிக்கு போர்டே பெங்காலியில எழுதி வெச்சிருக்காங்க. யாரும் ரூம் போட்டு யோசிக்கல, கேட்டதைக் காது குடுத்துக் கேட்டாங்க.

ஒண்ணு சொல்றேன். சக்கரைக்குக் காட்ட வர்றவங்க நிறைய பேர், கால்ல கட்டுப் போட்டுனு தான் வருவாங்க. கட்டு போட்ட காலுக்கு எந்த செருப்பும் நுழையாது. போன வாரம் ஒரு பெரியவர் ஹவாய் செருப்போட வாரை கத்தரிச்சுட்டு, வெறும் அடிப்பாகத்தை மட்டும் கட்டுத்துணியால காலோட சுத்தி முடிச்சுப் போட்டுக்கினு படி எறங்குனாரு, மூணாவது படியில முடிச்சு அவுந்துடுச்சு, பையன் பிடிக்கலன்னா விழுந்திருப்பாரு. நீங்க செருப்பு ஷூ லைன்ல இருந்தவங்கன்னதும் அந்த முடிச்சு தான் ஞாபகம் வந்துச்சு.

கரிகிரி_பேரன்
அக்கா, லாட்ஜ் அண்ணன் சொன்னதைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. எங்க தாத்தா கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில செருப்பு தைக்கற பிரிவுல வேலை செஞ்சவரு. செருப்பும் வைத்தியமும் சேர்ற வேலை நம்ம ஜில்லாவுக்குப் புதுசு இல்ல.

டாக்டர் பால் பிராண்ட் 1946ல வேலூருக்கு வந்தாரு. அப்போ தொழுநோய்ல விரல் தானா அழுகி விழுதுன்னு தான் எல்லாரும் நம்பிக்கினு இருந்தாங்க. ஒரு நாள் துருப்புடிச்ச பூட்டை அவரால திறக்க முடியல, நோயாளிப் பையன் ஒருத்தன் சாவியை வாங்கி ஒரே திருப்புல திறந்துட்டான். பார்த்தா அவன் விரல் எலும்பு தெரியற வரைக்கும் கிழிஞ்சிருக்கு, அவனுக்குத் தெரியவே இல்ல. அங்க இருந்து தான் புடிச்சாரு, நோய் விரலைத் தின்னல, வலி தெரியாததால காயம் ஆவுது, காயம் தெரியாததால புண்ணு ஆவுதுன்னு. ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சுக் கூட விரல் போயிருக்கு, அதுக்காக வீட்டுக்குப் போற நோயாளிங்க கையில பூனை குடுத்து அனுப்புனாங்க. தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிடும்.

வலி தெரியாத காலுக்கு இன்னா செருப்பு போடறதுன்னு தேடித் தேடித் தான் எம்சிஆர்னு சொல்ற மெத்துனு இருக்கற ரப்பர் செருப்பு வந்துச்சு. சக்கரை வியாதில உணர்ச்சி போன காலுக்கும் அதே கதை தான், அதனால இன்னிக்கு சக்கரைக்காரங்களுக்கும் அதையே குடுக்கறாங்க. தாத்தா சொல்வாரு, ஆணியே அடிக்கக் கூடாது, ஒட்டணும் இல்ல தைக்கணும். கட்டைவிரல் வார் கூடாது, வழுக்காம இருக்க பின்னாடி வார் வேணும். உள்பக்கம் தையல் முடிச்சு ஒண்ணு துருத்தினு இருந்தா கூட அது தான் புண்ணுக்கு ஆரம்பம்.

ஆம்பூர்_தையல்
படிச்சதும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. எங்க மாமனாருக்கு 11 வருஷமா சக்கரை. போன வருஷம் செருப்புக்குள்ள சின்ன ஜல்லிக்கல்லு இருந்திருக்கு, சாயங்காலம் வரைக்கும் அதோடயே நடந்திருக்காரு, அத்தை ரத்தத்தைப் பார்த்து தான் கண்டுபுடிச்சாங்க. ரெண்டு விரல் எடுத்தாச்சு. ஊட்டுலயே இருந்த விஷயம், அந்த 43ல எழுதணும்னு எனக்குத் தோணவே இல்ல. உள்ள தையல் தெரியாம மடிச்சுத் தைக்கறது 9 வருஷம் நான் பண்ண வேலை, முடிச்சு இருந்தா நானே ரிஜக்ட் பண்ணுவேன்.

ஆனா பயமாவும் இருக்கு. இது வைத்தியம் சம்பந்தப்பட்டது, நான் தப்பா பண்ணி யாருக்காவது கால் போச்சுன்னா?

காட்பாடி_பிசியோ
அந்த பயம் இருக்கட்டும்மா, அது நல்லது தான். புண்ணு இருக்கற கால், வளைஞ்சு போன கால் இதெல்லாம் டாக்டரும் அளவெடுத்து செய்யறவங்களும் பாக்க வேண்டியது, அதுல நீங்க கை வெக்காதீங்க. இதைப் போட்டா புண்ணு ஆறும்னு அட்டையில ஒரு வரி கூட எழுதாதீங்க. ஆனா டாக்டர் அளவு எழுதிக் குடுத்ததை சுத்தமா தைச்சுத் தர ஆள் வேணும், கட்டு மேல போடற மாதிரி முழுசா திறக்கற வெல்க்ரோ செருப்பும் வேணும். காசை எல்லாம் கொண்டு போய் மெஷின்ல போட்றாதீங்க. முதல்ல 5 ஜோடி தைங்க, பழைய மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு பாத மருத்துவம் பாக்கற டாக்டர் கிட்ட நேர்ல காட்டி எங்க தப்புன்னு கேளுங்க, நல்லா இருக்கான்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னு தான் சொல்லுவாங்க.

ஆம்பூர்_தையல்
எல்லாருக்கும் நன்றி. நேத்து லாட்ஜ் அண்ணன் தெருவுக்கே போய் காலைல 6ல இருந்து 9 வரைக்கும் நின்னு எண்ணுனேன். கட்டுப் போட்ட கால் 31, அதுல துணி சுத்துனது 12, ஒரு கால்ல மட்டும் செருப்பு 9, வெறும் கால் 4, மீதி ஆறு பேருக்குத் தான் சரியான செருப்பு. முன்னாடி குனிஞ்சு கட்ட முடியாது, அதனால வார் பக்கவாட்டுல திறக்கணும்னு அங்க நின்னப்ப தான் புரிஞ்சுச்சு.

மாமனார் காலை பழுப்பு பேப்பர்ல வெச்சு அளவு வரைஞ்சிருக்கேன், டாக்டர் கிட்ட காட்டிட்டு தான் வெட்டுவேன். கரிகிரி தம்பி, எம்சிஆர் ஷீட் கொஞ்சமா, ஒண்ணு ரெண்டு மட்டும் எங்க குடுப்பாங்க? தாத்தா கிட்ட கேட்டுச் சொல்லுப்பா.

கரிகிரி_பேரன்
தாத்தா உங்களை ஊட்டுக்கே வரச் சொல்றாரு அக்கா. அந்த பேப்பரையும் எடுத்துனு வாங்க.