புதுப்பிப்பு: லேப்டாப் மெதுவானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

கிருஷ்ணகிரியில் தங்கை படிக்கும் பழைய லேப்டாப்பை உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியபின் விண்டோவை நகர்த்தினாலே திணறுகிறது, வீடியோ விட்டுவிட்டு ஓடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். ராம், ஹார்ட் டிஸ்க் இரண்டையும் சோதித்தேன், குறையில்லை.

அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம் விவரங்களைப் பார்த்தால், கிராபிக்ஸ் வரியில் இன்டெல் பெயருக்குப் பதில் 'எல்எல்விஎம்பைப்' (llvmpipe) என்று இருந்தது. சிப் இல்லாமல் சிபியுவை வைத்தே படம் வரையும் மென்பொருள் அது. அப்படியென்றால் கிராபிக்ஸ் சிப் வேலை செய்யவில்லை. திரையில் வரும் ஒவ்வொன்றையும் சிபியுவே வரைந்துகொண்டிருக்கிறது. திணறாமல் என்ன செய்யும்?

மாற்றிய அன்று திரை கறுப்பாகவே நின்றதால், லேப்டாப்பைத் துவக்கும் மென்பொருளான கிரப்பின் (GRUB) அமைப்புக் கோப்பில் 'நோமோட்செட்' (nomodeset) என்று நான்தான் சேர்த்திருந்தேன். கிராபிக்ஸ் டிரைவர் சிப்பை இயக்கவிடாமல் தடுத்தது அதுதான். அதை நீக்கி, மாற்றம் நடைமுறைக்கு வர டெர்மினலில் 'சுடோ அப்டேட்-கிரப்' (sudo update-grub) என்ற கட்டளை கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். இடையில் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட் ஒன்று வந்திருந்தது; அதனாலோ என்னவோ, இந்த முறை திரை ஒழுங்காக வந்தது, வேகமும் திரும்பிவிட்டது.

சரி, ராம் வாங்க ஓசூர் போக வேண்டியதில்லை. தங்கை காலையிலேயே பாடம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.