கேமிங் மடிக்கணினியில் பேஸ் ஒலி மறைந்து, வலப்பக்கமும் மெலிந்துவிட்டது: டிரைவர் கோளாறா, ஸ்பீக்கர் பழுதா?

கேள்வி

மூன்று ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் கேமிங் மடிக்கணினியில் நான்கு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. விசைப்பலகையின் இருபுறமும் மேல்நோக்கி ஒலிக்கும் சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டு. உள்ளங்கை படியும் இடத்துக்கு அடியில், மேசையை நோக்கி ஒலிக்கும் வூஃபர்கள், அதாவது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள், இரண்டு. விவரக்குறிப்பில் இந்த வூஃபர்களைத்தான் சப்வூஃபர் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

சென்ற மாதம் வட்டை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினேன். அதன்பிறகு ஸ்பீக்கரில் கேட்டபோது இரண்டு குறைகள் தெரிந்தன. வெடிச்சத்தமும் மேளமும் தகரத்தைத் தட்டியதுபோல் வறட்சியாக ஒலிக்கின்றன, கனமே இல்லை. அத்துடன் ஒலி முழுவதும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. விளையாட்டில் எதிரி வலப்புறத்திலிருந்து நெருங்கினாலும், காலடியோசை ஏறக்குறைய நடுவிலிருந்து வருவதுபோல் கேட்பதால் நான் தவறான திசையில் திரும்பிவிடுகிறேன்.

நான் இதுவரை செய்து பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒலி அமைப்பில் இடது, வலது இரண்டும் 100 என்றே இருக்கின்றன. ஒலிச் சில்லு செய்யும் ரியல்டெக் நிறுவனத்தின் பொதுவான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) தொகுப்பு ஒன்றை நிறுவினேன், மாற்றமில்லை. ஒவ்வோர் அதிர்வெண் பட்டையையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸ் பட்டையை உச்சிவரை ஏற்றினேன்; கரகரப்புதான் கூடியது. ஹெட்போனில் எல்லாம் சரியாகக் கேட்கிறது. நான்கு மாதங்களுக்கு முன்பு மின்விசிறியைத் தூய்மை செய்வதற்காக ஒரு பழுதுபார்ப்புக் கடையில் மடிக்கணினியைத் திறந்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால், திறப்பதற்கு முன்பு இது மென்பொருளின் குறையா, பாகத்தின் பழுதா என்று தெளிவாக அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

நீங்கள் கூறும் இரண்டு குறைகளும் ஒரே காரணத்தால் வந்தவை என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டாம். பேஸ் மறைந்தது ஒரு கேள்வி, வலப்பக்கம் மெலிந்தது வேறொரு கேள்வி என்று பிரித்துக்கொண்டால்தான் சோதனைகள் பயன் தரும்.

பேஸ் பற்றி முதலில் சொல்கிறேன். நான்கு ஸ்பீக்கர்கள் உள்ள மடிக்கணினிகளில், எந்த அதிர்வெண் சிறிய ஸ்பீக்கருக்குப் போக வேண்டும், எது வூஃபருக்குப் போக வேண்டும் என்ற பிரிப்பு பெரும்பாலும் மென்பொருளின் வழியாகவே நடக்கிறது. பல மாடல்களில் வூஃபருக்கெனத் தனியாக ஸ்மார்ட் ஆம்ப் எனப்படும் பெருக்கிச் சில்லு இருக்கும். சிரஸ் லாஜிக், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. ஸ்பீக்கரின் கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்துகொண்டே, சுருள் எவ்வளவு சூடாகிறது, அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பு எவ்வளவு தூரம் அசைகிறது என்று கணித்து, எல்லை மீறாமல் காப்பது அந்தச் சில்லின் வேலை. கணினி துவங்கும்போது, அந்த மாடலுக்கென்றே தயாரித்த அமைப்புக் கோப்பை அதன் டிரைவர் சில்லுக்குள் ஏற்ற வேண்டும். பொதுவான ரியல்டெக் தொகுப்பில் அந்தக் கோப்பு இருக்காது. சிறிய ஸ்பீக்கர்கள் மட்டும் ஒலித்து, வூஃபர்கள் ஊமையாக நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆகவே விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் குறியுடனோ பெயரில்லாமலோ ஏதேனும் சாதனம் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் மாடலுக்குரிய உதவிப் பக்கத்திலிருந்து ஒலி டிரைவர், பெருக்கிக்குத் தனி டிரைவர் இருந்தால் அது, ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலி ஆகிய அனைத்தையும் நிறுவுங்கள். முடிந்ததும் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைக்கும்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸின் கருவகம் (அதன் மையப் பகுதி) பழைய நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே எழுந்து வரும்.

விண்டோஸின் ஒலி மேம்பாடுகளை (ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்) எல்லாம் நிறுத்திவிட்டுச் சோதிக்கும்படி பலரும் அறிவுரை சொல்வார்கள். உங்களுடையதைப் போன்ற கணினியில் அதைச் செய்வதற்கு முன்பு யோசியுங்கள். மாடலுக்கேற்ற ஒலித் திருத்தம் பெரும்பாலும் அந்த மேம்பாடுகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதை நிறுத்தினால் நல்ல நிலையிலுள்ள கணினியிலும் பேஸ் குன்றிவிடும்.

ஹெட்போன் சரியாகக் கேட்பது நல்ல செய்தி. விளையாட்டும் விண்டோஸும் இரு பக்கத்துக்கும் சமமான ஒலியை அனுப்புகின்றன என்று ஓரளவு நம்பலாம். ஆனால் விண்டோஸ் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனி அமைப்பை வைத்திருக்கிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் தேர்வில் இருக்கும்போது இடது, வலது அளவுகளை மீண்டும் பாருங்கள். செட்டிங்ஸின் ஆக்சஸிபிலிட்டி பகுதியில், இரு பக்கத்துக்கும் ஒரே ஒலியை அனுப்பும் மோனோ ஆடியோ அணைந்திருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். அது இயங்கினால் திசை உணர்வே போய்விடும்.

மறுமொழி 2

மேலே சொன்னதற்கு முழு உடன்பாடு. நான் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

60 ஹெர்ட்ஸ் பட்டையை ஏற்றுவது தயவுசெய்து இனி வேண்டாம். ஒரே அளவு ஒலி கிடைக்க வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 240 ஹெர்ட்சில் அசையும் தூரத்தைப்போல் 60 ஹெர்ட்சில் 16 மடங்கு தேவை. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? மேலும், 12 டெசிபல் ஏற்றினால் பெருக்கியிடம் ஏறக்குறைய 16 மடங்கு திறனைக் கேட்கிறீர்கள். நீங்கள் கேட்ட கரகரப்பு அந்தத் திணறல்தான்.

பெயர் சப்வூஃபர் என்றிருந்தாலும், வீட்டுத் திரையரங்கில் 80 ஹெர்ட்சுக்குக் கீழே உறுமும் பெரிய பெட்டியோடு இதை ஒப்பிட முடியாது. முன்பு நீங்கள் உணர்ந்த கனத்தில் ஒரு பங்கு காதின் இயல்பால் வந்தது. 120, 180, 240 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து வரும்போது, 60 ஹெர்ட்ஸ் உண்மையில் ஒலிக்காவிட்டாலும் மூளை அந்தத் தாழ்ந்த சுருதியைக் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. ஒலி மேம்பாட்டு மென்பொருள்கள் பல இதைப் பயன்படுத்தித்தான் சிறிய ஸ்பீக்கரிலும் பேஸ் இருப்பதாக உணரவைக்கின்றன. எனவே மென்பொருள் போனால், வூஃபரின் பங்கை இழப்பதோடு இந்த உணர்வையும் சேர்த்து இழக்கிறோம்.

இப்போது இடம், வலம். கணினியை மேசையில் வைத்து, ஒருமுறை அதை அரைவட்டம் திருப்பி, அதன் பின்புறத்தில் அமர்ந்து கேளுங்கள். பக்கத்துச் சுவரோ மெத்தையோ காரணமென்றால், மெலிவு அறையின் அதே பக்கத்தில் நிற்கும். ஸ்பீக்கர் காரணமென்றால் கணினியோடு சேர்ந்து இடம் மாறும். அடுத்து ஆடாசிட்டி போன்ற செயலியில் 1000, 400, 200 ஹெர்ட்ஸ் ஒலிகளை உருவாக்கி, இடப்பக்கம் மட்டும், வலப்பக்கம் மட்டும் என்று பாதி ஒலியளவில் இயக்குங்கள். 1000-இல் சமமாகவும் 200-இல் வேறுபட்டும் கேட்டால், குறை வூஃபரிலோ அதன் பெட்டியிலோ இருக்கிறது. கடைசியாக 200 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டு பக்கமும் ஒன்றாக இயக்குங்கள். இரண்டும் சேரும்போது ஒலி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தால், ஒரு வூஃபரின் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

ஏற்கெனவே ஒருமுறை திறந்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மறுமொழி 3

ஒரு சிறு துணைக்குறிப்பு. லினக்ஸை யு.எஸ்.பி.யிலிருந்து துவக்கிச் சோதிக்கலாம் என்று தோன்றினால், அதன் முடிவை ஒருபக்கமாக மட்டுமே நம்புங்கள். லினக்ஸில் வூஃபர் ஒலித்தால் பாகம் உயிரோடு இருக்கிறது என்று உறுதி. ஒலிக்காவிட்டால் அது எதையும் நிறுவாது. ஏனெனில் வூஃபர் எந்த இணைப்பில் இருக்கிறது என்ற தகவலைப் பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) சரியாகத் தராத மாடல்களில், லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சா அதை இருப்பதாகவே கருதாது. அதன் ஒலியளவுக் கருவியான ஆல்சாமிக்ஸரில் 'பேஸ் ஸ்பீக்கர்' என்ற பட்டை தெரிந்தால், அது ஊமையாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுடன் ஒரு சாதனம் இருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. மாடலுக்குரிய டிரைவர்களை நிறுவி, சொன்னபடி முழுமையாக அணைத்துத் துவக்கியதும் வூஃபர்கள் இரண்டும் எழுந்துவிட்டன. அடிப்பகுதியில் விரலை வைத்தால் அதிர்வே தெரிகிறது.

ஆனால் சாய்வு போகவில்லை. கணினியைத் திருப்பி வைத்தால் மெலிவும் அதனோடு திரும்புகிறது. 1000 ஹெர்ட்சில் இரு பக்கமும் சமம். 400-இல் வலது சற்றுக் குறைவு. 200-இல் வலது தெளிவாகக் குறைவு என்பதோடு, காகிதம் படபடப்பதுபோல் ஓர் ஓசையும் கேட்கிறது. இரண்டையும் சேர்த்து இயக்கினால் ஒலி கூடத்தான் செய்கிறது; ஆகவே கம்பிகள் இடம் மாறவில்லை என்று நினைக்கிறேன். யோசித்துப் பார்த்தால், மின்விசிறியைத் தூய்மை செய்த பிறகு நான் ஹெட்போனில் மட்டுமே விளையாடி வந்திருக்கிறேன். சாய்வு அப்போதே தொடங்கியிருக்கலாம். விண்டோஸை மாற்றிய பிறகு ஸ்பீக்கரில் கேட்டதால் இரண்டும் ஒரே நாளில் வந்ததாக நம்பிவிட்டேன்.

மறுமொழி 2

படபடப்பு ஓசை நல்ல தடயம். கூம்பு கிழிந்திருக்கலாம், ஏதேனும் ஒன்று கூம்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது பெட்டி சரியாக அமராமல் இருக்கலாம். திறந்தால் முதலில் மின்கல இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் தவறிவிழுந்த சிறு திருகுகள் அதனிடம் ஒட்டிக்கொள்ளும், அதைத் தேடுங்கள். பெட்டியைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் எல்லாத் திருகுகளிலும் இருக்கின்றனவா, ஸ்பீக்கரின் வாய்க்கும் அடிமூடியின் துளைகளுக்கும் நடுவேயுள்ள பஞ்சுப் பட்டை முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டை விலகினால் ஒலி வெளியே வராமல் கணினியின் உடலுக்குள் கசிந்து, மூடியை அதிரவைக்கும். மல்டிமீட்டர் இருந்தால் இணைப்பானைக் கழற்றி இரண்டு வூஃபர்களின் மின்தடையையும் அளந்து ஒப்பிடுங்கள். 4 ஓம் என்று குறித்திருக்கும் ஸ்பீக்கர் மீட்டரில் 4-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு. இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதே நமக்குத் தேவை.

கேட்டவரின் மறுமொழி

நேற்று திறந்தேன். மின்தடை இடப்பக்கம் 3.6 ஓம், வலப்பக்கம் 3.7 ஓம். கூம்பு கிழியவில்லை, திருகும் ஒட்டவில்லை. ஆனால் வலது வூஃபரின் பஞ்சுப் பட்டை ஒரு பக்கம் பெயர்ந்து, மடிந்து, கூம்பின் விளிம்பின்மேல் படிந்திருந்தது. மேலும், ஸ்பீக்கர் கம்பி தன் பள்ளத்தில் போகாமல் பெட்டிக்கு அடியில் சிக்கியிருந்ததால், பெட்டி ஒருபுறம் தூக்கிக்கொண்டு நின்றது. பட்டையை விரித்து மெல்லிய இருபக்க ஒட்டுநாடாவால் அதன் இடத்தில் பொருத்தினேன். கம்பியைப் பள்ளத்தில் படிய வைத்து, திருகுகளை அளவோடு முடுக்கினேன்.

இப்போது 200 ஹெர்ட்சில் இரு பக்கத்துக்கும் வேறுபாடு என் காதுக்குத் தெரியவில்லை. கைபேசியின் ஒலியளவுச் செயலியை இரு பக்கமும் ஒரே தொலைவில் வைத்துப் பார்த்தபோது வேறுபாடு 1 டெசிபலுக்குள் இருந்தது. காலடியோசை வலப்புறத்திலிருந்தே வருகிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இரவில் ஒலியளவை 20-க்குக் குறைத்தால் பேஸ் மறுபடியும் மறைகிறது. இதுவும் பழுதா? ஈக்வலைசரைத் தொடலாமா?

மறுமொழி 1

இது பழுதன்று. ஒலி குறையும்போது மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்களை நடு அதிர்வெண்களைவிட மிக விரைவாக இழக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைகோடுகளாக வெளியிட்டார்கள், இன்றைய ஐ.எஸ்.ஓ. 226 என்ற பன்னாட்டுத் தரநிலை அந்த வழியில் வந்ததே. இரவுக்கென்று தனி அமைப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை 3 அல்லது 4 டெசிபல் ஏற்றி, அதே அளவுக்கு முன்பெருக்கத்தை (ஈக்வலைசரிலுள்ள ப்ரீஆம்ப் எனும் மொத்த ஒலியளவை) குறைத்துவிட்டால் உச்ச ஒலிகள் வெட்டுப்படாது. 100-க்குக் கீழே எதையும் ஏற்ற வேண்டாம்.

லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்ற தேர்வு உங்கள் கணினியில் இருந்தால், பெயரைப் பார்த்து இதற்கான மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். அது மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியை அடக்கி, இரண்டையும் நெருக்கமாகக் கொண்டுவருவது. அதை இயக்கினால் தொலைவிலுள்ள காலடியும் பக்கத்திலுள்ள காலடியும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். இப்போது திரும்பக் கிடைத்த திசை உணர்வு இருந்தும் எதிரியின் தூரத்தைக் கணிக்க முடியாமல் போய்விடும்.