அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, ஏழு இரவுக் கப்பல் பயணம்: உதவி தேவை

நாங்கள் திருகோணமலை. பெப்ரவரியில் அம்மாவையும் அப்பாவையும் மாலைதீவில் ஒரு சின்னச் சொகுசுக் கப்பலில் அனுப்புகிறோம், 36 பயணிகள்தான், ஏழு இரவு, அக்கா முழுக் காசையும் கட்டிவிட்டா. கொடுத்திருப்பது மேல்தட்டில் முன்பக்க அறை.

போன ஆகஸ்ட்டில் நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் போனோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது, ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், அதற்குள் அம்மாவுக்கு இரண்டு தரம் சத்தி, படகின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

இஞ்சி, தேசிக்காய் பார்த்தாச்சு. சினரிசின் குளிசை போட்டால் நாள் முழுக்க நித்திரை. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமைன் மூன்று நாள் தாங்குமாம், ஆனால் அம்மாவுக்குக் குறுகிய கோணக் குளோக்கோமா (கண் அழுத்த நோய்), டொக்டர் அது கூடவே கூடாது என்றுவிட்டார். பெப்ரவரியில் மாலைதீவில் கடல் அமைதிதான், எங்கள் பக்கம் போல இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அம்மா இப்பவே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டா, அவவிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு என்கிறார்கள். இப்படிச் சின்னக் கப்பலில் போனவர்கள் சொல்லுங்கள், அறையை அங்கே மாற்றினால் உண்மையாகவே வித்தியாசம் தெரியுமா?